பார்வையில் படும் இடம்

பசையை நான்தான் காய்ச்சினேன்.
மைதா, தண்ணீர், ஒரு சிட்டிகை மயில்துத்தம்:
கரப்பான் அரிக்காமல் முப்பது நாளும் நிற்க.
மேலூர் பதிவாளர் அலுவலகத்தில்
ஃபைல் தூக்குவது, டீ வாங்குவது, நோட்டீஸ் ஒட்டுவது.
வீட்டுக்காரர் செத்ததற்குக்
கருணை அடிப்படையில் கொடுத்த வேலை.

சோலைராஜ், வயது இருபத்து நான்கு.
யமுனா, இருபத்திரண்டு.
ஆளுக்கொரு போட்டோ, காது தெரிய.
ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

"அக்கா, கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி
தூணுக்குப் பின்னாடி ஒட்டுங்களேன்."
அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே
அவன் ஐம்பது ரூபாயை நாலாய் மடித்து
என் ரிஜிஸ்டருக்கு அடியில் செருகினான்.
எடுத்து அவன் சட்டைப்பையிலேயே வைத்தேன்.
பதினோரு வருஷத்தில் ஒரு பைசா வாங்கியவள் இல்லை நான்.

வாங்கியிருந்தால்
வாங்கிய காசுக்குத்
தூணுக்குப் பின்னால் ஒட்டியிருப்பேன்.

'பார்வையில் படும் இடத்தில்' என்கிறது விதி.
பலகையின் நட்டநடுவில் ஒட்டி
நாலு மூலையையும் உள்ளங்கையால் நீவிவிட்டேன்,
பிள்ளை நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரி.

ஏழாம் நாள்
யமுனாவின் தாய்மாமன் வந்தார்,
ஒன்றரை ஏக்கர் புஞ்சைக்கு வில்லங்கம் பார்க்க.
சர்வர் இல்லை.
இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் போயிருப்பார்.
ஃபேனுக்குக் கீழே போய் நின்றார்.
ஃபேன் பலகைக்கு எதிரில் இருக்கிறது.
கண்ணாடி மாட்டி, உதடசைய, ஒருதரம் வாசித்தார்.
போனை நீட்டி ஒரு படம்.
"குடிக்கத் தண்ணி இருக்குமா, தாயி?"
சொம்பில் மோந்து கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள்
ஆடு மேய்க்கப் போனவன் பார்த்திருக்கிறான்.
கைவிட்ட கல்குவாரி, பச்சைத் தண்ணீர்,
ஒரே துப்பட்டாவில் இரண்டு மணிக்கட்டு.
கட்டிக்கொண்டார்களா, கட்டினார்களா?
நடுவில் ஒரு 'கொண்டு'.
அதைத்தான் ஸ்டேஷனில் இன்னும் தேடுகிறார்கள்.

டீக்கடையில் செல்போன் என்றார்கள்.
காலேஜ் பஸ் என்றார்கள்.
குவாரிக்கு வேலி போடாதவனை ஒருவர் வைதார்,
ஆழம்தான் குற்றவாளி என்பதுபோல.
"சட்டப்படிதான செஞ்சோம்" என்றார் எங்கள் சார்,
நான் ஒன்றும் கேட்காமலே.

யமுனாவின் அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.
பஸ் ஸ்டாண்டில் அவளாகவே வந்து சொன்னாள்:
"எந்தம்பி படம் அனுப்புனதும் ஓன்னு கத்தி அழுதுட்டேன்.
பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருச்சு.
மெதுவா அழுதிருக்கணும்."
சிவகங்கை பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.
வாசித்த அந்த உதட்டைப் பார்த்தவள் நான்.
அதை என் பசையில் கரைத்துவிட மாட்டேன்.
எல்லோருக்கும் பங்குண்டு என்று சொன்னால்
முதலில் எழுந்து வீட்டுக்குப் போகிறவர்
அவராகத்தான் இருப்பார்.
போகவும் செய்தார். நாற்பதாம் நாள் ஜாமீன்.
வருகிற வழியில் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்:
வில்லங்கம் ஏதுமில்லை.

ஆனாலும்
சோறு பிசைய வலது கையை நீட்டும்போதெல்லாம்
மைதா வாடை.

முப்பத்தோராம் நாள் சார் எழுதினார்:
மனுதாரர்கள் ஆஜராகவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது.
நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னார்.
நல்ல பசை. பாதிதான் வந்தது.
யமுனாவின் இடது காதும் தோடும்
பலகையோடு நின்றுவிட்டன.
நகத்தால் சுரண்டலாம். சுரண்டவில்லை.

நேற்று ஒரு ஜோடி வந்தது.
அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல்
தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
விதி மாறவில்லை, பலகை மாறவில்லை.
மறுபடி பசை காய்ச்சினேன்.
நடுவில்தான் ஒட்டினேன்.

இந்தமுறை துத்தம் போடவில்லை.
கொஞ்சம் சர்க்கரை போட்டேன்.