முத்து முத்தாக

மயூர் விஹார் மூன்றாவது பிளாக், ஏழாம் எண் வீட்டுக்குக்
குடிவந்தவள் பெயர் போர்பாலா கெரெகெஷ்.
பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய மொழி சொல்லித்தருகிறாள்.
காவல் நிலையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்,
சங்கச் செயலாளர் என்ற முறையில்.
நான்குகோட்டு நோட்டில் பழகிய என் எழுத்தையே
பார்த்துக்கொண்டிருந்தவள்
அழகு, என்றாள்.
பாராட்டு இல்லை அது.

புடாபெஸ்டில் அவள் தாத்தா
நாலுமாடிக் கட்டடம் ஒன்றின் வாயில்காப்பாளர்.
இரவு பத்துக்கு மேல் வருகிறவர்கள்
கதவு திறக்கச் சில்லறை தர வேண்டும்.
நாற்பத்துநாலு மார்ச்சில் ஜெர்மானியர் வந்தார்கள்.
ஜூனில் அந்தக் கதவுக்கு மேல்
கறுப்புப் பலகையில் மஞ்சள் நட்சத்திரம்.
குறுக்களவு முப்பது சென்டிமீட்டர்,
அவரே அளந்து ஆணி அடித்தார்.
உள்ளே யூதர்கள். அறைக்கு ஒரு குடும்பம்.
பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை வெளியே போகலாம்.
இரண்டு பிரதியில் பட்டியல் கேட்டார்கள்.
முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்.

அவர் யாரையும் அடித்ததில்லை, என்றாள்.
அக்டோபரில் முற்றத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டபோது
வாசித்தவனுக்கு ஓரிடத்திலும் நாக்கு இடறவில்லை,
அவ்வளவு தெளிவு.
இரண்டாம் மாடிப் பியானோ
பிறகு தரைத்தளத்துக்கு இறங்கி வந்தது.
அதில்தான் நான் விரல் பழகினேன்.

இப்போது ஜூன் இருபத்தொன்றில்
அந்த முற்றங்களில் கூடிப் பெயர் படிக்கிறார்களாம்.
அவள் ஒருமுறையும் போனதில்லை.
டிக்கெட் விலையைக் காரணம் சொன்னாள்.

இந்த ஜூனில், எங்கள் மாடிப்படியில்,
நாற்பத்தொரு டிகிரி, மின்சாரம் இல்லை,
கைபேசி வெளிச்சத்தில் அறுபத்திரண்டு பெயர் படித்தாள்.
காவல்காரன் எட்டிப் பார்த்து
பூஜையா மேடம், என்று செருப்பைக் கழற்றினான்.

சுவரில் சாய்ந்து நின்றேன்.
பிப்ரவரியில் நானும் ஒரு பட்டியல் கொடுத்திருந்தேன்.
வீட்டுவேலைக்கு வருகிறவர்கள். எந்த ஊர், என்ன பாஷை.
இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார்.
அச்சடித்த மாதிரி இருக்கிறது உங்கள் கை, என்றார்.
கூச்சத்தோடு சிரித்தேன்.
மார்ச்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேறொருத்தி வருகிறாள்.
பழையவள் எங்கே என்று மனைவி ஒருநாள் கேட்டாள்,
துடைப்பத்தை எங்கே வைத்தாள் என்று தெரியாமல்.

போர்பாலா கைபேசியை அணைக்கப் போனாள்.
இன்னும் ஒன்று, என்றேன்.
சாஹிதா.
ஊர்?
கூச் பெஹார் என்று எழுதியிருக்கிறேன்.
தகப்பன் பெயர்?

அந்தக் கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
நேராகத்தான் போட்டிருந்தேன்.