ஆறு இலைப் பருவம்

பிப்ரவரி.
கோலக் கெட்டிலில் மழை நின்று பத்தொன்பது நாள்.
எஸ்டேட் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுச்
சும்மா நிற்கின்றன.
செம்பனை லோரி எழுப்பிய புழுதிக்கு இந்தப் பக்கம்
என் குத்தகை ஆறு ஏக்கரில்
மக்காச்சோளம் ஆறு இலை விட்டிருக்கிறது,
உழாத மண்ணில்.

"கிளறாத மண்ணில் எவளாவது விதைப்பாளா?"
ஒட்டுக்கடையில் கேட்டார் வீரபத்திரன்,
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.
ரொட்டி சானாய்க்குக் காசு வைத்துவிட்டு வந்தேன்.

போன போகத்துத் தட்டை அப்படியே கிடக்கிறது.
அதன் இடுக்கில் கம்பியால் குத்திக்
குழிக்கு ஒரு விதை.
தட்டையை விலக்கினால்
பத்தொன்பது நாள் வெயிலுக்கு அடியிலும்
விரல்நுனி ஈரமாகும்.
அந்த ஈரத்தைக் காட்டித்தான்
கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன்.

கயிறு போட்டு எண்ணினேன்.
இருபது குழிக்குப் பதினேழு.
கால்வாய் ஓரம் பன்னிரண்டு, அங்கே எலி.
மேட்டில் பத்தொன்பது; ஆனால் அடியிலை மஞ்சள்.
மக்குகிற தட்டை உரத்தில் பங்கு கேட்கிறது,
கொடுக்காமல் முடியாது.
ஏழு செடியின் குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம்.
படைப்புழு.
ஏழையும் நோட்டில் குறித்தேன்,
பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போல.

பதினொரு மணிக்கு ஹஸ்னி வந்தான், தீவன ஆலையின் ஆள்.
எங்கே கால் வைப்பதென்று தெரியாமல்
தட்டைமேல் நின்று போனை நீட்டினான்.
சிவப்பு அம்பு, கீழ்நோக்கி.
"சிக்காகோவில் இறங்கிவிட்டது, காக்.
டன்னுக்கு ஆயிரத்து நூறு வெள்ளி.
பாதிக்கு இன்றே கையெழுத்துப் போடுங்கள்.
அறுப்புக்குள் இன்னும் விழும்."

சிக்காகோ.
அந்தப் பக்கம் இப்போது பனியாம்.
பனிக்கடியில் ஒரு வயல்,
விதை இன்னும் மூட்டையிலேயே.
வயல்காரன் சன்னலோரம் நின்று
காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.
அவன் இன்னும் போடாத சோளம்
நான் போட்ட சோளத்தின் விலையை இறக்கிவிட்டது.
கோபம் வரவில்லை.
அவனிடமும் யாரோ போனை நீட்டியிருப்பார்கள்.

உரச்சாக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
விதை, மருந்து, குத்தகை, லோரி வாடகை,
ஈரம் பதினாலைத் தாண்டினால் ஆலை பிடிக்கிற கழிவு.
பன்னிரண்டு டன் வருமென்று வைத்தாலும்
ஐந்து டன் கடனுக்கே சரி.
மிச்சம் ஏழும் இன்னும்
குருத்தில், காற்றில், புழுவின் வாயில்.

"ஐந்துக்கு மட்டும்."
"பாதி என்றால் ஆறு, காக்."
"ஐந்து."

சிரித்தான். காரின் முன்மூடிமேல் தாளை விரித்தான்,
தகடு கொதித்தது. உள்ளங்கையை ஊன்றாமல் எழுதியதில்
என் பெயரின் கடைசி எழுத்து
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
கதவைச் சாத்தும் முன் கேட்டான்,
மழை எப்போது வரும் என்று.
"அது உங்கள் போனில் இல்லையா?"

பொழுது சாய்ந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு
அந்த ஏழு செடியைத் தேடிப் போனேன்.
பன்னிரண்டாகியிருந்தன.