நாற்காலிகளை நேராக்குகிறவள்

பக்கத்து அறையில் குழு கூடியிருக்கிறது.
அடுத்த ஆண்டுக்கான பணம் இவ்வளவுதான்:
முனைவர் பட்ட மாணவர் ஒருவர், வாரம் இருபது மணி நேரம்;
இல்லையென்றால் இளங்கலைப் பிள்ளைகள் மூன்று பேர்.
ஹீட்டர் சூட்டில் மரம் சுருங்கிக்
கதவு சரியாகப் பொருந்துவதில்லை.
எல்லாம் கேட்கிறது.

"இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் வேண்டும்."
"பக்கத்து இருக்கையில் படிக்கிறவரிடம்தான்
பிள்ளைகள் வாய் திறக்கும்."
"சம்பளம் வாங்கிக்கொண்டு
காற்புள்ளிகூடத் தெரியாதவரா?"

என்னை யாரும் கேட்கவில்லை.
நான் வருகைப் பதிவேடு,
தொலைபேசி, காப்பி இயந்திரம்.
சுபீரியர் ஏரிக்கரையில் இது எனக்கு ஆறாவது பனிக்காலம்.
எழுத்து மையத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை,
பெயர்களைத் தவிர.

கேட்டார்கள், பொய் சொல்லக் கூடாது,
கருத்துப் படிவங்களைக் கேட்டார்கள்.
ஐந்துக்கு எத்தனை திருப்தி?
எல்லோரும் நான்கைத்தான் சுழிப்பார்கள்.
ஐந்து என்றால் முகஸ்துதி,
மூன்று போட மனசு வராது,
நாலே முக்காலுக்கு பஸ்.

அவர்கள் நாற்காலிகளைக் கேட்டிருக்கலாம்.

இரவு பூட்டும்முன் நான்தான் அவற்றை நேராக்குவேன்.
ரூடி ஹெய்க்கினென் இருந்த மேசையில்
நாற்காலிகள் எதிரும் புதிருமாக,
நடுவே ஒரு கரை, ஒரு மறுகரை.
ஏழாவது ஆண்டு ஆய்வேடு அவருக்கு.
தாளைப் பார்க்கும் முன்பே
எங்கே உடையும் என்று தெரிந்துவிடும்;
பென்சிலை அங்கே வைத்துவிட்டு
மாணவர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார்.
அந்த மௌனம் சிலருக்குப் படிப்பு,
சிலருக்குப் பரீட்சை.

கொரின் லாபெர்ஜ் இருந்த மேசையில்
இரண்டும் ஒரே பக்கம், கைப்பிடிகள் இடித்துக்கொண்டு.
இரண்டாம் ஆண்டு. உணவுக்கூடத்திலும் வேலை;
சட்டையில் எப்போதும் வெங்காய வாசம்.
"நல்லா இருக்கு" என்பாள், அதிகமாகவே என்பாள்.
ஒருமுறை தப்பான விதியை
அழுத்தந்திருத்தமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.
அடுத்த நாள் பனியில் ஓடிப்போய்
விடுதி வாசலில் அந்தப் பையனைப் பிடித்துத் திருத்தினாள்.

வெர்ன் மாட்டிலா வந்தது பிப்ரவரியில்.
ஐம்பத்தொரு வயது. லாரி ஓட்டியவர்,
இப்போது நர்சிங் முதலாம் ஆண்டு.
தொப்பியைக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்:
"யார் சிரிக்க மாட்டார்கள்?"
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கொரினிடம் அனுப்பினேன்.
தன் மகள் வயது என்று அவர் கூசினார்.
மறுவாரம் ரூடியிடம் அனுப்பினேன்.
ஆசிரியர் மாதிரி இருக்கிறார் என்று கூசினார்.
கட்டுரை இதுதான்:
வார்டில் அவர் கண்ணெதிரே நடந்த முதல் மரணம்.
"நோயாளி காலமானார்" என்று ஒரே வரி,
பிறகு மூன்று பக்கம்
கைகழுவும் முறை.

ரூடி சொன்னது: "வரிசை சரியில்லை."
கொரின் சொன்னது: "இங்கே எனக்குப் புரியலை.
அப்ப நீங்க எங்க நின்னீங்க?"
இரண்டும் உண்மை.
இரண்டுக்கும் இடையே ஏழு நாள்
அந்தத் தாள் அவர் வண்டியின் முன்கண்ணாடிக்கடியில் கிடந்தது.
மூன்றாம் முறை வந்தவர் யாரையும் கேட்கவில்லை,
மூலையில் தனியாக உட்கார்ந்து எழுதினார்.
படிவத்தில் ஒன்றையும் சுழிக்கவில்லை.

உள்ளே இன்னும் பேசுகிறார்கள்.
யாரோ வாக்கெடுப்பு என்கிறார்கள்.

நேற்று வியாழன். மையம் மூடி அரை மணி.
விளக்கணைக்கப் போனேன்.
ரூடி மேசையில் நாற்காலிகள் ஒரே பக்கம்.
ரூடிதான் இருந்தார், பென்சில் இல்லாமல்.
பக்கத்தில் கொரின்,
அவருடைய நான்காம் அத்தியாயத்தின் மேல் குனிந்து.
பதினொரு மாதமாக அதில் ஒரு பத்தி நகரவில்லை;
அது எனக்குத் தெரியும்,
திரை காலியாக இருப்பதை
தினமும் கடந்துதானே கோட்டை எடுக்கப் போகிறேன்.

"இங்கே புரியலை," என்றாள் அவள்.
"எனக்கும்," என்றார் அவர்.

பத்து நிமிடம் கழித்து அணைக்கலாம் என்று திரும்பினேன்.
பதிவேட்டில் அதை எழுதவா வேண்டாமா?
மாணவர் பெயர் என்ற இடத்தில் ரூடி என்றா?
பேனா வேறு உறைந்திருந்தது;
வாயருகே வைத்து ஊதினேன்.