ஏழேகால்

ஓஹியோவின் உருக்காலைக் குடியிருப்பில் பிறந்தபோது
இக்னாஸ் ஸுபான்.
சோப்புத்தூள் கம்பெனிக்காரர்கள்
அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்கள்,
சோற்றில் கல் கடிபட்டவர்கள் போல.
மதியச் சாப்பாடு முடிவதற்குள்
டேல் ஹார்வின் ஆகிவிட்டான்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
குமிழ் திருகும் வேலை.
எனக்குத் தெரிந்து அவன் ஒருநாளும் பாடியதில்லை.
மைக்கின் காதில்
சொல்லக்கூடாத எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.
வல்லினம் வந்தால் முகத்தை
ஒரு விரற்கடை அப்பால் திருப்பிக்கொள்வான்,
என் முள் துள்ளக்கூடாதென்று.
பிறகு மெல்லினத்துக்குத் திரும்பி வருவான்,
நேரங்கழித்து வீட்டுக்கு வருகிறவன்
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது மாதிரி.

ஏழேகாலிலிருந்து ஏழரை.
பியோரியாவில் அப்போது
பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோகுமாம்.
ஸ்க்ராண்டனிலிருந்து ஒருத்தி
கொண்டை ஊசி ஒன்றை அனுப்பியிருந்தாள்,
எதற்கென்று எழுதவில்லை.
வாரத்துக்கு மூன்று சாக்குக் கடிதம்.
பதில்களில் அவன் கையெழுத்தைப் போட்டவள்
தட்டச்சு அறை மில்ட்ரெட் க்ராபில்.
அவனுடையதைவிட அவள் போட்டது அழகு.

போர் வந்தது.
செவிப்பறையில் ஓட்டை என்று
ராணுவம் அவனைத் திருப்பி அனுப்பியது.
சாக்கு மெலிந்தது.
பிறகு கப்பல்களிலிருந்து வந்த கடிதங்களால்
மறுபடி பருத்தது.
ஒருவன் எழுதியிருந்தான்:
"என் மனைவிக்கு உன்னைப் பிடிக்கும்.
நான் வரும்வரை பாடு.
வந்தபின் நிறுத்திவிடு."
அதை மட்டும் அவன் மில்ட்ரெட்டிடம் கொடுக்கவில்லை.
பதில் போட்டானா, தெரியாது.
அவன் திரும்பி வந்தானா, அதுவும்.

பிறகு தொலைக்காட்சி.
அந்தக் குரலுக்கு ஆறடி உயரமும்
அலைபாயும் முடியும் தந்து வைத்திருந்தது நாடு.
திரைக்கு வந்ததோ
கழுத்தே இல்லாமல்,
அம்மைத் தழும்பின் மேல் மாவு அப்பி,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு குள்ளன்.
பதின்மூன்று வாரம்.
யாரும் துரத்தவில்லை.
நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அறுபத்திரண்டில், டொலிடோவின் பெரிய கடையொன்றில்
தலையணை உறை வாங்கிக்கொண்டிருந்தேன்.
கூரைக்குள்ளிருந்து வந்தது:
"நீல ஸ்வெட்டர், ஐந்து வயது,
பெயர் சொல்ல மறுக்கிறான்.
இரண்டாம் மாடியில் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான்."
நகரும் படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்
அண்ணாந்து பார்த்தாள்.
மேலே போய் இறங்க மறந்து தடுமாறினாள்.
எனக்குக் கேட்டது
'பெயர்' என்ற இடத்தில்
அந்த ஒரு விரற்கடை.

நான் போய்ப் பார்க்கவில்லை.
பார்த்தால் கேட்பான்.
நிலையத்தை விற்ற வாரம்
குப்பைக்குப் போகவிருந்த அவன் ஒலித்தட்டுகளில்
நாற்பதை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.
போர்க்காலத்துத் தட்டுகள்; அலுமினியம் கிடைக்காததால்
கண்ணாடிமேல் அரக்குப் பூசியவை.
வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால்
அருமையான கண்ணாடி.
ஏப்ரல் உறைபனிக்கு
தக்காளி நாற்றுகளை மூடிவைக்கத் தோதான அகலம்,
மூச்சுக்கு நடுவில் துளை வேறு.

ஒன்றில் மட்டும் அரக்கு முழுசாகப் போகவில்லை.
அதன் கீழிருக்கும் நாற்று
கொஞ்சம் வெளிறித்தான் வருகிறது.