விசிறியைப் போடும் முன்

செவ்வாய்தோறும் தக்கலையில் கூடுவோம்,
டயர்க் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை.
கீழே கம்ப்ரசர் அலறும்போதெல்லாம்
பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

ஹெப்சிபாவுக்குப் படுக்கையில் கிடப்பவர்கள்,
மார்ஃபின் கணக்கு, புண்ணுக்குக் கட்டு.
சிவதாணுவுக்குக் குடிநோயாளிகள்.
சபூராவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவும் பிள்ளைகள்.
எனக்குக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் காகிதங்கள்:
உடல் இல்லை, ஆகவே சான்று இல்லை,
ஆகவே மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று
தாலுகா அலுவலகத்தில் நிற்கிற பெண்கள்.

ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாது என்றுதான்
ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.
நிதி வேறு, படிவம் வேறு,
ஆண்டறிக்கையில் பக்கம் வேறு.
சிவதாணு ஒருமுறை சொன்னான்:
“உங்களுக்க ஆளுவ செத்தாச்சு.
எனக்க ஆளுவ செத்துக்கிட்டே இருக்கானுவ.”
ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை.

ஆடி மழை.
சபூரா ஒரு பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
ஒன்பதாம் வகுப்பு, ஐஸ் பிளான்ட்டில் வேலை,
விரல்கள் விறைத்துப்போய்ப் பேனா பிடிக்காதாம்.
“வீட்ல ஏன் அனுப்புறாங்கன்னா...”
நிறுத்திக்கொண்டாள்.
கம்ப்ரசர் ஓடவில்லை.

ஹெப்சிபா பேனாவை மூடினாள்.
சிவதாணு ஜன்னல் பக்கம் திரும்பினான்.
நான் என் கோப்பின்மேல் கையை வைத்தேன்,
பெயர் எழுதியிருக்கும் இடத்தில்.

அந்த மௌனத்தின் அளவு எனக்குத் தெரியும்.
அதே வீட்டு வாசலில் நானும்
எத்தனையோ முறை வாயை மூடியிருக்கிறேன்.
ஒரே கதவை நாலு பேரும்
ஆளுக்கொரு பக்கம் சாத்திப் பிடித்திருந்தோம்.

“கேட்டுட்டு வாறேன்” என்றாள் ஹெப்சிபா.
“வேண்டாம். இந்தத் தடவை நான்.”

மெற்றில்டா (இது அவள் பெயர் இல்லை,
ஊரும் குளச்சலுக்குக் கிழக்கே என்பதற்குமேல் கேட்காதீர்கள்)
சாளை அலசிக்கொண்டிருந்தாள்.
சுற்றி வளைத்துக் கேட்டேன்:
வேறு சிலரும் இங்கே வரக்கூடும்,
அவர்களோடு உங்களைப் பற்றிப் பேசலாமா,
வேண்டாமென்றால் வேண்டாம்.

செதில் ஒட்டிய கையோடு சிரித்தாள்.
“அந்த மூணு பேருந்தானே?
நீங்க நாலும் ஒரு கூட்டமுன்னு எனக்கு எப்பமே தெரியும்.”

எப்படி?

உள்ளே கட்டிலைக் காட்டினாள்.
கணவனின் அக்காள், இரண்டு வருடமாய் அதே விரிப்பில்.
“ஆபீசர் வருவான், எலெக்சன்காரன் வருவான்,
வந்த உடனே சுவிச்ச தட்டுவானுவ.
அவனுவளுக்கு வேர்க்கும்லா.
நீங்க மட்டுந்தான்
மைனிட்ட கேட்டுட்டு ஃபேன் போட்டிய.
அவளுக்குக் குளிரும்.”

நான் கேட்டது எனக்கு நினைவில்கூட இல்லை.

பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சொன்னாள்:
“எல்லாம் பேசுங்க.
எனக்க தம்பி காரியம் மட்டும்
அந்த சாரிட்டயே இருக்கட்டு.”

அடுத்த செவ்வாய்
மூன்று கோப்புகள் மேசையில் அடுத்தடுத்துக் கிடந்தன.
கட்டு மாற்றும் நாளில் சபூரா போவதில்லை என்று முடிவானது.
என் சான்று இன்னும் வரவில்லை.
பையன் இன்னும் ஐஸ் உடைக்கிறான்.

சிவதாணுவின் கோப்பு மட்டும்
மழையில் நனைந்த பைக்குள்ளேயே இருந்தது.
ஜிப் பாதி திறந்துதான் கிடந்தது.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
கீழே கம்ப்ரசர் அலறத் தொடங்கியது,
காத்திருந்தோம்.