கோரம்

பொதுப்பணி நிலைக்குழு என்று பெயர்.
நின்றுகொண்டிருப்பது நான் மட்டும்தான்,
ஹீட்டர் பக்கத்தில், காபிக் குடுவையோடு.
உறுப்பினர் ஐவரில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மற்ற மூன்று நாற்காலிகளில்
ஒரு மேலங்கிகூட இல்லை.

ஜனவரி, இரண்டாம் செவ்வாய், மாலை ஆறு பத்து.
சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி
பக்கவாட்டில் பெய்கிறது.
பெல்கூர் நகர மன்றத்தின் எழுத்தர் நான்.
பத்தொன்பது வருடமாக
பிறர் பேசுவதை
இறந்த காலத்தில் எழுதுகிறேன்.

மன்றத்தில் ஒன்பது பேர்.
ஒன்பது பேரும் எல்லாவற்றையும் பார்த்தால்
ஒரு சாக்கடை மூடிக்கே விடிந்துவிடும்.
அதனால் ஊரைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள்:
பணம் ஒரு குழுவுக்கு,
நெருப்பும் போலீசும் ஒன்றுக்கு,
யார் வீட்டு மாடி யார் வெயிலை மறைக்கலாம் என்பது
இன்னொன்றுக்கு.
சாலை, தண்ணீர், பனி, கம்பம் எல்லாம் இங்கே.

யாருக்கு எந்தக் குழு என்று
மன்றத் தலைவர் எழுதுவார்.
ரூனார் ஹக்கலா நிதி கேட்டார்.
தலைவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்,
சாக்கடை கிடைத்தது.
பதினோரு வருடத்தில் அதன்மேல் காதல் வந்துவிட்டது.
ஒவ்வொரு குழாயின் வயதும் அவருக்குத் தெரியும்.
மனைவியின் பிறந்தநாளை என்னிடம் கேட்பார்.

பார்வையாளர் வரிசையில் ஒடெல் பிரெஷெட்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு விளக்கு வேண்டும்,
அவ்வளவுதான்.
செப்டம்பரில் கொடுத்த மனு.
விளக்கு என்றால் பயம், பயம் என்றால் போலீஸ் என்று
பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார்கள்.
கம்பம் நடுவது எங்கள் வேலையல்ல என்று
அவர்கள் இங்கே தள்ளினார்கள்.
நவம்பரில் நாங்கள் ஒத்திவைத்தோம்.

கிணற்றில் போட்ட கல் என்கிறார்கள் வெளியே.
நான் கிணற்றுக்குள் இருப்பவள்.
ஒவ்வொரு கல்லும் விழும் சத்தம் கேட்கும்.
எண் போட்டு அடுக்குவேன்.

கோரம் மூன்று.
இருவர் பேசினால் வெறும் பேச்சு.
மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்ததும்
அதே சொற்கள் நகராட்சி ஆகிவிடும்.
ஆறரை வரை பார்க்கலாம்.
வெர்லின் தெஃபோ
பேனா மூடியைத் திறந்து மூடுகிறார், திறந்து மூடுகிறார்.

ஆறு இருபத்தெட்டு.
ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம் சுழல்கிறது.
பனி வாரும் லாரியிலிருந்து குதிக்கிறாள்
மாய் நூ ஷியோங்.
அவளுடைய கார் ஏழாம் தெருப் பள்ளத்தில்.
பின்னாலேயே ஓட்டுநரும் காபிக்கு வருகிறார்.
"இருக்கிறேன்" என்கிறாள், பூட்ஸை உதறியபடி.
எழுதுகிறேன்: வருகை, 6.29.

பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
ஒடெலுக்கு ஐம்பது விநாடி போதுமாயிருந்தது.
"டிரைவருக்கு நான் தெரிவதில்லை.
போன் விளக்கை ஆட்டுகிறேன்.
கை மரத்துவிட்டால் போன் விழுந்துவிடுகிறது."
மிச்ச நேரம் முழுக்க
கடிகாரம் சிவப்பு எண்களை எண்ணியது.
யாரும் அதை நிறுத்தவில்லை.

கம்பம், கம்பி, பனி உருகியபின் குழி:
பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
பதினைந்தைத் தாண்டினால் நிதிக்குழு பார்க்க வேண்டும்.
ஹக்கலா முன்மொழிய, தெஃபோ வழிமொழிய,
மூன்றுக்குப் பூஜ்யம்.
அங்கிருந்து மன்றம்.
அங்கே ஒன்பது பேரும்
வேறு நாற்பது விஷயங்களோடு சேர்த்து
ஒரே மூச்சில் "ஆம்" சொல்வார்கள்.

அப்போதுதான் ஓட்டுநர்
கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.
"லூயெல்லா தெரு முனை நிறுத்தமா?
அங்கே மலை மாதிரி கிடக்கும் பனி
நான் ஒதுக்கியது."
ஒடெல் திரும்பிப் பார்த்தாள்.
அவர் தன் கையுறைகளைப் பார்த்தார்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாததால்
இதை நான் எழுதவில்லை.

மறுநாள் காலை
அந்தக் குவியல்
தெருவின் எதிர்ப்பக்கம் இருந்தது.

விளக்கு:
நிதிக்குழு, பிப்ரவரி முதல் திங்கள்,
ஐந்தரை மணி, அறை 204.