பதில் தரவில்லை

நாரினில் மைனஸ் இருபத்தெட்டு.
கால்நடை மருந்தகத்தின் பின்னறையில்
ஹீட்டருக்கும் கணினிக்கும் ஒரே பிளக்.
இன்று கணினியின் முறை.

நாலாயிரத்துச் சொச்சம் ஆடுகள்.
எதற்கு எப்போது ஊசி போட்டோம் என்பது
ஏழு நோட்டுகளில், மூன்று கையெழுத்துகளில்.
டாக்டர் தொலொமுஷ் எழுதினால்
ஐந்தும் ஆறும் இரட்டைப் பிள்ளைகள்.
போன வசந்தத்தில் ஒரே மந்தைக்கு
இரண்டு தடவை போட்டுவிட்டோம்.

அதனால்தான் ஆரம்பித்தேன்.
இணையத்தில் ஓடுவது வேண்டாம்;
பனி கொட்டினால் முதலில் போவது அதுதான்.
இந்த மேசையில், இந்தப் பெட்டிக்குள்
இருந்த இடத்திலேயே ஓடவேண்டும்.

எங்கே கற்பது என்று தேடினால்
எல்லாரும் போனுக்கே எழுதுகிறார்கள்.
மேசைக் கணினிக்கா, இன்னுமா, என்று சிரித்தான் ஒருவன்.
கிர்கிஸில் ஒன்றும் கிடைக்கவில்லை.
ரஷ்யனில் பாதி, ஆங்கிலத்தில் பாதி,
மீதிப் பாதி நானே ஊகித்தது.

முதல் ஜன்னல் திறந்த இரவு
அதில் ஒன்றுமே இல்லை.
வெறும் சாம்பல் நிறம், மூலையில் ஒரு பெருக்கல் குறி.
மூடினேன், திறந்தேன், மூடினேன்.
வீட்டுக்குப் போக மனமில்லை.

பிறகு பொத்தான். பிறகு பட்டியல்.
பிறகு நாலாயிரம் ஆடுகளையும் ஒரேயடியாக ஏற்ற,
ஜன்னல் வெளிறி உறைந்தது:
பதில் தரவில்லை.

இதே வியாதி
ஒன்பது வருடங்களுக்கு முன்பே ஒருவனுக்கு வந்திருக்கிறது.
பெயர் சாம்பல்நரி77.
என் கேள்வியை எனக்கு முன்பே
எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறான்.
அடியில் அவனே எழுதிய ஒரு வரி:
"சரியாகிவிட்டது. நன்றி."

எப்படியடா?
பாவி, எப்படி?

நானும் கேட்டு வைத்தேன்.
பதினொரு நாள் கழித்து
பராகுவேயிலிருந்து எலிஜியோ.
இரும்புக்கடைக்கு பில் போடும் நிரல் எழுதியவராம்.
அங்கே நாற்பது டிகிரியாம், மின்விசிறி நின்றுவிட்டதாம்.
நான் எழுதியதைக் காட்டச் சொன்னார்.
உள்பாவாடையைக் கொடியில் போட்ட மாதிரி
கூசிக்கொண்டே காட்டினேன்.

"கல்லாவில் நிற்பவரையே
கிடங்குக்கும் அனுப்பியிருக்கிறீர்கள்.
வாடிக்கையாளர் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?
மூட்டை சுமக்க வேறு ஆளைப் போடுங்கள்."

போட்டேன்.
ஆடுகள் வரிசையாக வந்து இறங்க இறங்க
ஜன்னல் என் கைக்கு அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் டாக்டர் ஐந்தைத் தட்டினார்.
ஐந்தாகவே விழுந்தது.
சந்தேகத்தோடு இன்னொரு முறை தட்டினார்.

ராத்திரி திரும்பப் போனேன்,
சாம்பல்நரியின் அந்த வரிக்குக் கீழே.
எதை எங்கே மாற்றினேன், எந்த வரி, ஏன்,
கல்லா, கிடங்கு, எலிஜியோவின் பெயர்
எல்லாம் எழுதினேன்.
என் ஆங்கிலம் நொண்டியது, நொண்டட்டும்.
திட்டியதை மட்டும் எழுதவில்லை.

கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன.
பிளக்கை மாற்றினேன்.